சுற்றுச்சூழல் நீதி நடத்தப் போகிறீர்களா? நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

சமூகவியல் துறையில் சுற்றுச்சூழல் நீதி என்ற தாளை, அதாவது மாசின் சுமை யார் தலையில் விழுகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்கும் பாடத்தை, முதல் தடவையாக நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்தத் தாள் வந்த விதம் உங்களில் பலருக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். செமஸ்டர் தொடங்கும் தறுவாயில் துறைத் தலைவர் கூப்பிட்டு, "நீங்க எடுத்துக்கோங்கம்மா, சமாளிச்சுடலாம்" என்றார். கையில் கிடைத்தது ஒரு பக்கப் பாடத்திட்டமும் சில பழைய வினாத்தாள்களும்தான். இதை நடத்திய வேறு யாரையும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாமல் அந்த செமஸ்டர் முழுக்கத் தட்டுத்தடுமாறித்தான் போனேன். தூக்கம் போனது, வார இறுதிகள் போயின, கைக்காசும் போனது. அனுபவப்பட்டவர் ஒருவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

முதல் வாரங்களில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஸ்லைடு போட்டேன். 1984 டிசம்பரில் போபால், ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மக்களை நோயில் தள்ளிய ஜப்பானின் மினமாட்டா, நைஜர் டெல்டாவின் எண்ணெய்ப் படலம் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பேரழிவு. பாதிக்கப்பட்டவர்களின் முகங்களைப் பார்த்தால் மாணவர்கள் பொங்கி எழுவார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. வகுப்பு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. "என்ன தோணுது?" என்று கேட்டால், "பாவம் மேடம்" என்று ஒரு குரல் வரும், அதோடு சரி. அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பாவமும் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிசையில் போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர்ந்து துயரத்தை மட்டும் பார்க்கும் மனம் தன்னைக் காத்துக்கொள்ள வேறு எங்காவது திரும்பத்தான் செய்யும்.

அந்த நாட்களில் ஒரு மாணவி வகுப்பின் நடுவிலேயே எழுந்து வெளியே போனார். மறுநாள் என் அறைக்கு வந்து நின்றார். "மேடம், நீங்க காட்டுற மாதிரி இடத்துலதான் நான் வளர்ந்தேன். எல்லாரும் உச்சுக்கொட்டுறப்ப எங்க அம்மாவைப் பார்த்து உச்சுக்கொட்டுற மாதிரி இருந்துச்சு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. இந்தத் தாளை நடத்தப் போகிற உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: நீங்கள் விவரிக்கிற இடத்திலிருந்து வந்த ஒருவராவது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பாடத்தைத் தயார் செய்யுங்கள். முதல் வகுப்பிலேயே பெயர் எழுதாத துண்டுச்சீட்டு வாங்குங்கள். "இந்தப் பாடத்தில் எதைப் பற்றிப் பேசினால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்?" என்ற ஒரே கேள்வி போதும். கடினமான படங்கள் வரும் வகுப்புகளை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஒருவர் எந்த ஊர் என்று தெரிந்தாலும், "நீயே சொல்லேன், அங்கே எப்படி இருக்கும்?" என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். அவராக வாய் திறந்தால் நேரம் கொடுங்கள். திறக்காவிட்டாலும் அது அவர் உரிமை.

அந்த மாணவி சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒன்று பிடிபட்டது. நான் காட்டிக்கொண்டிருந்த படங்களில் துன்பப்பட்டவர்கள் இருந்தார்கள். முடிவெடுத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. மாசுபட்ட ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது, ஒரு காகிதத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கு யாரோ அழைக்கப்படவில்லை. சமூகவியல் வேலை செய்ய வேண்டிய இடம் அது. அதற்குப் பிறகு துன்பத்தைக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டு முடிவுகளைக் காட்டத் தொடங்கினேன். என் வகுப்பு மாறியது அங்கிருந்துதான்.

ஃபிளின்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை, வறுமையும் அதிகம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் இறங்கியது. அப்போது நகரத்தின் முடிவுகளை எடுத்துக்கொண்டிருந்தவர் மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்திடம் அந்த அதிகாரம் இல்லை. இதையெல்லாம் நான் விரிவுரையாகச் சொல்லவில்லை. தேதி ஒன்றுக்கு ஒரு அட்டை என்று எழுதி, குழுக்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். 2014 அக்டோபர் அட்டையில் இருந்தது இது: ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று சொல்லி, வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. அங்கே நிறுத்திவிட்டேன். "நீங்கள்தான் நகர அதிகாரி. நாளைக் காலை என்ன செய்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்." எழுதினார்கள். எல்லோருமே ஏதோ ஒரு வகையில் உடனே தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். பிறகு அடுத்த அட்டையைக் கொடுத்தேன்: வீடுகளுக்குப் பழைய தண்ணீர் திரும்பியது 2015 அக்டோபரில். ஒரு வருடம். வகுப்பில் ஒரே சத்தம். அதுவரை வாயே திறக்காத பையன் எழுந்து, "ஆலையால மாற முடிஞ்சுது, வீட்டால ஏன் மாற முடியலை?" என்று கேட்டான். நான் வாரக்கணக்கில் காத்திருந்த கேள்வி அது. அதன் பிறகுதான் கரும்பலகையில் கோட்பாட்டை எழுதினேன்: யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பது பங்கீட்டு நீதி, யார் முடிவெடுத்தார் என்பது நடைமுறை நீதி, யாருடைய பேச்சு பேச்சாகவே மதிக்கப்பட்டது என்பது அங்கீகார நீதி. இதே மூன்றை முதல் வாரத்தில் ஸ்லைடில் போட்டபோது எழுதிக்கொண்டார்கள், மறந்தார்கள். இப்போது அவர்கள் கேள்விக்குப் பதிலாக வந்ததால் நின்றது.

லவ் கேனலுக்கும் இதே முறைதான். நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் ஹூக்கர் என்ற வேதி நிறுவனம், தான் கழிவு புதைத்த நிலத்தை 1953இல் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. புதைத்தது வேதிக்கழிவு என்று பத்திரத்தில் எழுதி, அதனால் பின்னாளில் தீங்கு வந்தால் தான் பொறுப்பில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. அங்கே பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. "வாரியத்தின் இடத்தில் நீங்கள் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு எச்சரிக்கை: இப்படி ஒரு நிகழ்வைத் தேதிவாரியாகச் சரிபார்த்து அட்டையாக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதல் செமஸ்டரில் எல்லா நிகழ்வையும் இப்படிச் செய்யப் போகாதீர்கள். இரண்டோ மூன்றோ போதும், மீதியை வழக்கமான விரிவுரையில் விடுங்கள். வாசிக்கக் கொடுப்பது ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, வகுப்பிலேயே வாசிக்க நேரம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் படித்து வருவார்கள் என்று நம்பித் தயாரித்த வகுப்புகள் எல்லாம் எனக்குப் படுத்துவிட்டன.

இந்தத் தாளில் நான் செய்ததிலேயே மிகவும் பலன் தந்ததும், மிகவும் பயமுறுத்தியதும் பொது விசாரணை நாடகம்: ஒரு திட்டம் வருமுன் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தை வகுப்பில் நடித்துப் பார்ப்பது. கற்பனையான ஊர், கற்பனையான கழிவுக் கிடங்கு. மாணவர்களை நிறுவனம், அரசுத் துறை, ஊர்மக்கள், வேலை தேடும் இளைஞர்கள், நிபுணர்கள் என்று பிரித்தேன். எல்லோருக்கும் சமமாகப் பேச வாய்ப்புக் கொடுத்தால் அது பட்டிமன்றமாகிவிடும். நிஜத்தில் வாய்ப்பு சமமாக இருப்பதில்லை என்பதுதானே பாடமே? அதனால் சமமின்மையை விதியிலேயே வைத்தேன். நிறுவனக் குழுவுக்கு ஆவணங்கள் ஒரு வாரம் முன்பே போயின. ஊர்மக்கள் குழுவுக்கு முந்தின நாள் மாலை, கலைச்சொற்கள் மண்டிய ஒரு கனமான அறிக்கை. நிறுவனத்துக்கு முதலில் பேசும் உரிமை. ஊர்மக்களுக்குக் கடைசியில், ஆளுக்கு இரண்டு நிமிடம். விசாரணை நடக்க நடக்க ஊர்மக்கள் குழுவின் முகம் மாறியது. "இது அநியாயம் மேடம், எங்களுக்குப் படிக்கவே நேரம் இல்லை" என்று ஒரு மாணவி மேசையைத் தட்டினார். நிறுவனக் குழுவில் இருந்தவர்கள் தாங்கள் எவ்வளவு நிதானமாக, மரியாதையாகப் பேசினோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது, இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பேசியபோதுதான், கூட்டங்களில் மக்கள் "உணர்ச்சிவசப்படுகிறார்கள்" என்று எழுதப்படுவதன் பொருள் அவர்களுக்கு விளங்கியது.

இதை நடத்தும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் கொடுங்கள், ஆனால் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் காரணம் கேட்காமல் கொடுங்கள். நிஜ வாழ்க்கையில் பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கே ஊர்மக்கள் பாத்திரம் போய்விட்டால் அவருக்கு அது நாடகமாக இருக்காது. நடுவர், குறிப்பெடுப்பவர், செய்தியாளர் என்று சில இடங்களை ஒதுக்கிவையுங்கள். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அவை உதவும். எந்தச் சாதி, எந்த இனம், எந்த மதம் என்ற அடையாளத்தையும் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அதில் கேலி நுழைந்துவிடும், நுழைந்தால் வெளியே எடுப்பது கடினம். எல்லாவற்றையும் விட முக்கியம், விசாரணை எவ்வளவு நேரமோ அதே அளவு நேரம் அதன் பிறகான பேச்சுக்கும் வேண்டும். நான் முதலில் மணி அடிக்கும் வரை விசாரணையை ஓடவிட்டேன். கோபத்தோடே கலைந்து போனவர்களில் இருவர் விடுதியிலும் சண்டையைத் தொடர்ந்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெயர் அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன உணர்ந்தீர்கள், அதன் பிறகு ஏன் இப்படி என்ற வரிசையில் பேசவைக்கிறேன். வரிசையை மாற்றினால் எல்லோரும் நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள்.

மினமாட்டாவுக்கு ஆரன்சனின் ஜிக்சா முறை அழகாகப் பொருந்தியது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனக் குழந்தைகள் ஒன்றாக உட்காரத் தொடங்கிய சமயத்தில் எலியட் ஆரன்சன் உருவாக்கியது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கவைப்பது. மினமாட்டாவில் உண்மையும் அப்படித்தான் துண்டு துண்டாகக் கிடந்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். ஆலை மருத்துவமனை மருத்துவர் ஹோசோகவா ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து அதே நோயைக் கண்டது 1959இல். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ஆலையின் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். மீனவர், மருத்துவர், நிறுவனம், அரசு என்று நான்கு தாள்களைத் தனித்தனியாகப் படித்தவர்கள் ஒன்றுசேர்ந்து தேதிகளை அடுக்கும்போது ஒன்பது ஆண்டு இடைவெளி அவர்கள் கண்ணிலேயே படுகிறது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

களப்பயணம்தான் எனக்குப் பெரிய அடி. மாசுபட்ட ஓர் இடத்துக்கு அழைத்துப் போக எல்லா ஏற்பாடும் செய்தேன். வாய்மொழி அனுமதி கிடைத்த தைரியத்தில் வண்டிக்கு முன்பணம் என் கையிலிருந்து கட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள், பாதுகாப்புக் காரணம் சொல்லி நிர்வாகம் நிறுத்திவிட்டது. வண்டிக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. என் சம்பளத்தில் கணிசமான பங்கு அது, அந்த மாதம் திண்டாடித்தான் போனேன். பணத்தை விட வலித்தது, ஆவலோடு காத்திருந்த மாணவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததுதான். எழுத்தில் அனுமதி வராமல் ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்காதீர்கள். பெற்றோர் ஒப்புதல், காப்பீடு, உடன் வரும் ஆசிரியர்கள் யார் என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட்டால் மறுக்கக் காரணம் குறையும். இன்னொன்றும் யோசியுங்கள்: நாம் போகிற இடத்து மக்கள் நம்மை அழைத்தார்களா? கேமராவோடு கூட்டமாகப் போய் இறங்கி, பார்த்துவிட்டுக் கிளம்புவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அந்தப் பயணம் நின்றுபோனதில் எனக்கு ஆத்திரம் இருந்தாலும், இந்தக் கேள்வியை அதற்கு முன் நான் யோசித்திருக்கவில்லை என்பதும் உண்மை.

பயணம் நின்ற வாரத்தில், வேறு வழியில்லாமல், வளாகத்தையே களமாக்கினேன். குப்பைத்தொட்டியில் போடுவது எங்கே போகிறது, யார் தூக்குகிறார்கள், எத்தனை மணிக்குத் தூக்குகிறார்கள், ஜெனரேட்டர் புகை எந்த ஜன்னல் பக்கம் போகிறது, மரநிழல் எந்தக் கட்டடங்களுக்கு இருக்கிறது, துப்புரவுப் பணியாளர்கள் உட்கார எங்கே இடம் என்று ஆளுக்கொரு கேள்வி. 1990களில் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு உருவாக்கிய ஃபோட்டோவாய்ஸ் என்ற முறையை ஒட்டி, படம் எடுத்து அதற்குச் சில வரி எழுதச் சொன்னேன். முகம் தெரியும் படம் என்றால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். வந்த படங்களை வகுப்பில் ஒட்டி, ஒரு வரைபடத்தில் குறித்தோம். அழுக்கும் சூடும் சத்தமும் வளாகத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தன, அந்த மூலையில்தான் ஒப்பந்தப் பணியாளர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பல மைல் போய்ப் பார்த்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது என்று நினைக்கிறேன். செலவு, வரைபடத் தாள் மட்டும். ஆனால் இதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பணியாளர்கள் சொன்னதைப் பெயரோடு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தால் அவர்களுடைய வேலைக்குத்தான் ஆபத்து. பெயர், பிரிவு, நேரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் அறிக்கையை வெளியே விட வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதி என் சனி ஞாயிறுகளை இழந்தேன். இப்போது அரைப்பக்கம்தான், அதிலும் முறைவைத்து ஒரு பகுதியினருடையதை மட்டும் வாங்குகிறேன். அசைன்மென்ட் கட்டுரைக்குப் பதிலாக, ஒரு திட்டத்துக்கு ஆட்சேபணைக் கடிதமோ ஆதரவுக் கடிதமோ எழுதச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஆவணத்தை மேற்கோள் காட்ட வேண்டியிருப்பதால் எங்கிருந்தாவது அப்படியே எடுத்து ஒட்டுவது குறைகிறது. விசாரணை நாடகத்தில் நடிப்புக்கு மதிப்பெண் கிடையாது, பிறகு எழுதும் ஆய்வுக்குத்தான்.

செமஸ்டர் முடிவில் வந்த கருத்துப் படிவங்கள் என்னை உட்காரவைத்துவிட்டன. "பாடமே நடத்துவதில்லை", "எல்லாவற்றையும் எங்களையே செய்யச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். துறைக் கூட்டத்தில் அதைப் படித்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதே மாணவர்கள் தேர்வில் எழுதிய விடைகள் முந்தைய ஆண்டுகளின் விடைகளை விட எவ்வளவோ மேலாக இருந்தன. பிறகுதான் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வைப் பற்றிப் படித்தேன். தாங்களே செய்து கற்ற மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டவர்களை விடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்படுவதை "புரியவில்லை" என்று எடுத்துக்கொள்கிறோம். இதை இப்போது முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடமும் நானே கரும்பலகையில் அன்றைய கருத்துகளை எழுதித் தொகுக்கிறேன். இந்த இரண்டும் செய்தபின் புகார்கள் பெரிதும் குறைந்தன. செமஸ்டரின் நடுவிலேயே ஒருமுறை கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் வரும் அதிர்ச்சி இருக்காது. நீங்கள் ஒப்பந்த ஆசிரியராக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தப் படிவத்தை வைத்துத்தான் உங்கள் அடுத்த ஆண்டை முடிவு செய்வார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முடிவுகளையும் அதிகாரத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள் அடுத்து கேட்பது, "அப்ப எதுவுமே மாறாதா மேடம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாவிட்டால் நல்ல வகுப்பே சோர்வில் முடியும். வெற்றிக் கதை ஒன்றை இனிப்பு மாதிரி கடைசியில் நீட்டினால் அவர்கள் நம்புவதில்லை. நான் வாரன் கவுன்டியைக் கொடுக்கிறேன். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் 1978இல் சாலையோரங்களில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட, பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயால் கெட்ட மண்ணைப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் அது; ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1982இல் லாரிகளுக்கு முன்னால் படுத்து மறித்தார்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கு வந்தே தீர்ந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்துதான் 1983இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்து, தென்கிழக்கு வட்டாரத்தில் இருந்த நான்கு நச்சுக்கழிவுக் கிடங்குகளில் மூன்று கறுப்பினப் பெரும்பான்மைப் பகுதிகளில் இருப்பதாகச் சொன்னது. 1987இல் ஒரு தேவாலய ஆணையம் நாடு முழுவதும் பார்த்து, கழிவு எங்கே போகும் என்பதை வருமானத்தை விட இனமே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. 1994இல், அரசுத் துறைகள் சுற்றுச்சூழல் நீதியைக் கவனிக்க வேண்டும் என்று ஜனாதிபதியின் ஆணை வந்தது. அந்த மண்ணை நச்சு நீக்கி முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. "வாரன் கவுன்டி மக்கள் ஜெயித்தார்களா, தோற்றார்களா?" என்பதை இறுதித் தேர்வில் கேட்கிறேன். எந்தப் பக்கம் எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு, ஆனால் குறைந்தது இரண்டு ஆவணங்களையும் அவற்றின் ஆண்டையும் காட்டியிருக்க வேண்டும், யாருக்கு எந்த முடிவில் இடம் இல்லாமல் போனது என்று சொல்லியிருக்க வேண்டும். விடை திருத்தும் குறிப்பில் இதை முன்கூட்டியே எழுதித் துறையில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வெளித்தேர்வாளர் ஒரே "சரியான விடை"யைத் தேடி மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடும்.